ட்ரோன் ஹைப்பர்லாப்ஸும் சாய்ந்து போகும் அடிவானமும்

தேவகோட்டை நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க வெச்சிருக்கிற அதே ட்ரோன் செகண்ட் ஹேண்டுல வருது, விலையும் இறங்கியிருக்கு. டைம்லாப்ஸ் எடுக்கத்தான் கேக்குறேன். வாங்கட்டுமா?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. 249 கிராம் எடை, ரா போட்டோ, பறந்துகொண்டே இடைவெளி விட்டுப் படமெடுத்து வேகமாக ஓட்டும் ஹைப்பர்லாப்ஸ் மோடு எல்லாம் அவருக்கே தெரியும். விளம்பரத்தில் வராதது ஒன்று இருக்கிறது. அடிவானம் சாயும்.

மேலிருந்து பார்த்தால் செட்டிநாடு முழுக்க நேர்க்கோடுதான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைவாசல் என்று நீளும் வீடுகள், அவற்றின் ஓட்டு முகடுகள் வரிசையாக. பின்னால் வெறும் பொட்டல். திண்டுக்கல் பக்கம் எடுத்தால் ஒரு டிகிரி சாய்வை மலை மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை. முதல் சில படங்கள் ஒழுங்காக இருக்கும். அப்புறம் வலது பக்கம் மெல்ல இறங்கும். ஒரு டிகிரி, சில நாள் இரண்டு. சாதாரண வீடியோவில் யார் கண்ணிலும் படாது. இரண்டு நொடிக்கு ஒரு படம் என்று 250 படம் எடுக்க எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதை நொடிக்கு 25 ஃப்ரேமில் ஓட்டினால் பத்து நொடி. எட்டு நிமிடச் சாய்வு பத்து நொடியில் நடந்தால், கானாடுகாத்தானே கப்பலேறிக் கிளம்பியது போல இருக்கும்.

ரிப்பேருக்குக் கொடுத்தேன். கேமராவை மட்டமாகப் பிடித்திருக்கும் கிம்பலைத் திறந்து, ரிப்பன் கேபிள் மாற்றி, ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்து அனுப்பினார்கள். பில்லில் 'கேலிபரேஷன் ஓகே' என்று எழுதியிருந்தது. பள்ளத்தூருக்கு மேலே முதல் மாலையே மறுபடி வலது பக்கம். முழு ட்ரோன் இறக்குமதியைத்தான் அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது, உதிரிபாகத்துக்குத் தடையில்லை. கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

நியாயமாகச் சொன்னால் பழி முழுக்கக் கருவி மேல் இல்லை. கிம்பல் சென்சாரின் அளவு சூட்டுக்கு ஏற்ப நழுவும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தரையில் வைத்து ஆன் செய்தால் அது பாவம் என்ன செய்யும்? இப்போதெல்லாம் வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைத் தரையில் வைத்து, ஆறவிட்டு, கேலிபரேட் செய்துவிட்டுத்தான் வெளியே எடுக்கிறேன். முற்றத்துத் தரை ஆகாது, மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்டிருப்பார்கள். இதனால் சாய்வு குறைந்தது, போகவில்லை.

மிச்சத்தை எடிட்டிங்கில்தான் சரிசெய்ய வேண்டும். ட்ரோன் தானே கோத்துத் தரும் வீடியோவைத் தொடாதீர்கள். அதை ஒரு டிகிரி திருப்பினால் மூலை கறுப்பாகத் தெரியும், மறைக்க மூன்று சதவீதம் பெரிதாக்க வேண்டும். மூலப் படங்களைச் சேமிக்கச் சொல்லி செட்டிங்கில் வைத்துவிடுங்கள். 4000க்கு 3000 படத்தில் உயரத்தில் நிறைய இடம் இருப்பதால் இரண்டு டிகிரி வரை திருப்பினாலும் 4கே முழுதாக வெட்டி எடுக்கலாம். ஒரு வீட்டின் முகட்டைப் பிடித்துக்கொண்டு, முதல் படத்தில் பூஜ்யம், கடைசிப் படத்தில் எவ்வளவோ அவ்வளவு என்று கீஃப்ரேம் போடுகிறேன், இடைப்பட்ட படங்களை மென்பொருளே படிப்படியாகத் திருப்பிக்கொள்ளும். தானியங்கி ஸ்டெபிலைசர் இந்த ஓடுகளில் தடுமாறுகிறது. எல்லா ஓடும் அதற்கு ஒன்றுதான், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் படத்தை நெளிக்கும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் நிறம் மினுக்குவது தனித் தொல்லை.

இன்னொன்று. முற்றத்தில் நிழல் நகர்வதை எடுக்கிற ஆசையில் வாங்காதீர்கள். எட்டு நிமிடத்தில் சூரியன் நகர்வது இரண்டே டிகிரி. மதியம் எடுத்தால் நிழல் அசைந்த மாதிரியே தெரியாது. சூரியன் இறங்கும் கடைசி அரை மணியில்தான் நிழல் ஓடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் தப்பு. போகும் பாதையைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறதே, அதற்குத்தான் நான் அடிமை. கோடையில் வெடித்துக் கிடந்த ஊருணியை எடுத்தேன். ஐப்பசி மழை முடிந்து அதே பாதையில் மறுபடி எடுத்தேன். ஜிபிஎஸ் கொஞ்சம் தள்ளிப்போவதைக் கையால் சரிக்கட்டி ஒன்றை மற்றதில் கரைத்தால், படிக்கட்டு ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போகிறது. ஓரத்தில் ஒரு ஆச்சி குடத்தோடு மூன்றே படத்தில் வந்து போகிறார். அதைப் பார்த்த வீட்டில் யாரும் அடிவானத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

இருந்தாலும் என் பதில்: வாங்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரியும் முகட்டுக்கு முகடு கீஃப்ரேம் போட்டுக்கொண்டிருக்கிறேன், வேறு பதில் வராது. மொட்டை மாடியில் ட்ரைபாடு வைத்து போனில் எடுங்கள், அடிவானம் சொன்ன பேச்சுக் கேட்கும்.

அப்படியும் வாங்குவதென்றால் ஆடிக்காற்றில் வெளியே எடுக்காதீர்கள். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி பக்கம் பறக்கவே விடாதீர்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர்கள் அவை. 250 கிராமுக்கு மிகாத நானோ வகைக்கு, கல்யாண வீட்டில் காசு வாங்கி எடுத்தாலும், பைலட் லைசென்ஸ் வேண்டாம்.  விற்பவர் முன்னாலேயே ஒரு முழு ஹைப்பர்லாப்ஸ் எடுத்து, முதல் படத்தின் மேல் கடைசிப் படத்தை வைத்துப் பாருங்கள். எட்டு நிமிடம் நிற்க அவருக்கு நேரமில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.