சார்ஜிங் ஜாக் ஆடுகிறதா? மாற்றலாமா, சால்டர் வைக்கலாமா, வேறு வழி பார்க்கலாமா?

என் பழைய லேப்டாப்பின் சார்ஜிங் ஜாக் ஆடத் தொடங்கியபோது, சார்ஜர் பின்னுக்கு அடியில் காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்து ஐந்தாறு மாதம் ஓட்டினேன். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். 65 வாட் சார்ஜர் 19.5 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர் கொடுக்கிறது. லூஸ் காண்டாக்ட்டில் அரை ஓம் தடை வந்தாலே போதும், அந்தச் சின்ன இடத்தில் 5 வாட்டுக்கு மேல் சூடாக இறங்கும். கழற்றிப் பார்த்தபோது என் ஜாக்கின் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பக்கம் உருகியிருந்தது.

செலவு செய்வதற்கு முன் அதே வகை சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். பின்னுக்குப் பக்கத்தில் வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருப்பது ரொம்ப சகஜம். டெல் லேப்டாப்களின் உருண்டை ஜாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவில் ஊசிபோல ஒரு பின் இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்பதை லேப்டாப் அதன் வழியாகத்தான் படிக்கிறது. அது வளைந்தால் மெஷின் ஓடும், ஆனால் மந்தமாக ஓடும், பேட்டரி ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

சரி, ஜாக்கேதான் பழுது என்று உறுதியாகிவிட்டது. இனி எல்லாமே அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. சில லேப்டாப்களில் ஜாக் ஒரு குட்டி வயரோடு தனியாக வந்து, மதர்போர்டில் உள்ள சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். மற்றவற்றில் போர்டிலேயே சால்டர் வைத்திருப்பார்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பாருங்கள். பவர் கனெக்டரைக் கழற்றுவதற்குத் தனிப் பகுதி இருந்தால் வயர் வகை.

வயர் வகை என்றால் வேறு எந்த யோசனையும் வேண்டாம், மாற்றிவிடுங்கள். உதிரிபாகம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த இடத்தில் பழைய ஜாக்கையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. ஒரே மாடலிலும் வயரின் நீளமும் பின்களின் எண்ணிக்கையும் மாறும். மாற்றும்போது முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். சில மாடல்களில் வயர் ஸ்க்ரீன் கீலுக்கு அடியில் போகும். அப்போது கீலின் திருகுகளையும் கழற்ற வேண்டும், பொறுமை வேண்டும். என்னுடையது இந்த வகைதான். ஒரு ஞாயிறு மதியத்தில் வேலை முடிந்தது.

போர்டில் சால்டர் வைத்த வகையில் என் கருத்து நேர்மாறு. வீட்டில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னோடு அதைத் தொடாதீர்கள். ஜாக்கின் கிரவுண்ட் பின் போர்டின் பெரிய செம்புப் பரப்போடு இணைந்திருப்பதால், கொடுக்கும் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். பழைய ஈயச் சால்டர் 183 டிகிரியில் உருகும். இப்போது போர்டுகளில் இருக்கும் ஈயம் இல்லாத சால்டருக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகாத சால்டரோடு ஜாக்கை இழுத்தால் துளையின் உள்பூச்சும் சேர்ந்து பிய்ந்து வரும். அப்புறம் 300 ரூபாய் வேலை மதர்போர்டு வேலையாகிவிடும். சிப் லெவல் சர்வீஸ், அதாவது போர்டிலேயே பழுது பார்க்கும் வேலை, செய்பவரிடம் கொடுங்கள். அவர் போர்டை அடியிலிருந்து சூடேற்றி, கொஞ்சம் ஈயச் சால்டர் கலந்து உருகுநிலையைக் குறைத்து, பிசிறில்லாமல் எடுப்பார். போர்டையே மாற்றச் சொன்னால் இன்னொரு கடையிலும் கேளுங்கள். ஜாக் மட்டும் உடைந்த லேப்டாப்புக்கு அந்தச் செலவு தேவையில்லை.

டைப்-சி சார்ஜரைப் பழைய உருண்டை ஜாக்கில் செருக உதவும் அடாப்டர்களை இதற்குத் தீர்வாகச் சிலர் வாங்குகிறார்கள். அது சார்ஜர் பிரச்சினைக்குத்தான் மருந்து. உடைந்த ஜாக்கில் அதைச் செருகினாலும் ஆடத்தான் செய்யும். ஜாக்கைக் கழற்றிவிட்டு, சார்ஜரிடம் 20 வோல்ட் கேட்டு வாங்கும் சின்ன டைப்-சி போர்டை உள்ளே பொருத்துவது வேறு விஷயம். 19.5 வோல்ட் லேப்டாப்புக்கு இந்த அரை வோல்ட் வித்தியாசம் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் டெல்லின் அந்த நடுப் பின்னுக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. பேட்டரி ஏறாது. கைவேலை பிடித்தவர்கள் இப்படி நடுப் பின் இல்லாத மாடல்களில் முயலலாம்.

ஜாக்குக்குப் பதிலாகப் போர்டிலேயே வயரைச் சால்டர் வைத்து வெளியே தொங்கவிடும் வேலையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாராவது கால் தடுக்கி இழுத்தால் அந்த விசை முழுக்கப் போர்டில்தான் விழும்.

பலருக்கும் ஞாபகம் வராத வழி ஒன்று உண்டு. திங்க்பேட் டி420, டி430, எக்ஸ்220 போன்றவற்றிலும் டெல் லாட்டிட்யூட் ஈ வரிசையிலும் அடியில் டாக் (லேப்டாப்பை மேலே வைத்துப் பொருத்தும் தட்டு) இணைப்பு இருக்கும். டாக்குக்குத் தனி பவர் ஜாக் உண்டு. லேப்டாப்பை அதன்மேல் வைத்தால் பேட்டரியும் ஏறும். மேசையை விட்டு நகராத லேப்டாப்பின் போர்டில் துளை ஏற்கெனவே பிய்ந்திருந்தால், நான் முதலில் பழைய டாக் ஒன்றைத்தான் தேடுவேன்.