பல்சரில் 58,000 கிலோமீட்டர்: டயரும் காற்றும்

2019 ஜனவரியில் வாங்கிய பல்சர் 150 பைக், முன்னால் மட்டும் டிஸ்க் பிரேக். திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் வீடு, துவாக்குடியில் வேலை. போக வர 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். முழுக்கத் தஞ்சாவூர் சாலைதான்.

முதல் பின் டயர் 16,000 கிலோமீட்டரில் முடிந்துவிட்டது. 2020 நவம்பரில் ஒரு மழை நாள், பால்பண்ணை அருகே பிரேக் பிடித்தேன். பின்சக்கரம் ஒரு முழம் விலகிப் போய் நின்றது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். விழவில்லை. அன்று இரவே டார்ச் அடித்து டயரைப் பார்த்தேன். இரண்டு ஓரங்களிலும் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) புதிதுபோல் நிற்கிறது, நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை.

மறுநாள் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி, "காத்து எவ்வளவு வைப்பீங்கண்ணே?" என்னிடம் பதில் இல்லை. பங்கில் பிடித்து விடுவதோடு சரி. அடுத்த முறை போனபோது மெஷினைக் கவனித்தேன். எனக்கு முன்னால் வந்த வண்டிக்கு வைத்த 40 அப்படியே இருந்தது, என் இரண்டு சக்கரத்துக்கும் அதுவே ஏறியது. கையேட்டில் இருப்பதோ முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, இருவர் போனால் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு).

காற்று கூடினால் டயர் நடுவில் புடைத்துக்கொள்ளும், அந்தப் பட்டை மட்டுமே தரையைத் தொடும். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடும் வண்டிக்கு நடுப்பகுதி முதலில் தேய்வது இயல்புதான். ஆனால் ஓரம் அப்படியே இருக்க நடு மொட்டையானதற்குப் பெரும்பங்கு காற்றுக்கு என்றே நினைக்கிறேன். குறைவாக இருந்தாலும் ஆகாது. டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும், ஓரம் தேயும், பள்ளத்தில் விழுந்தால் அடி ரிம்முக்கு.

அப்புறம் 300 ரூபாய்க்குள் காற்றை அளக்கும் ஒரு கேஜும் ஒரு கால் பம்பும் வாங்கினேன். ஞாயிறு காலை வண்டியை எடுக்கும் முன்பே பார்த்துவிடுவேன். சூடான டயரில் அளவு இரண்டு மூன்று கூடுதலாகக் காட்டும். வேலை முடிந்து வரும் வழியில் 31 காட்டுகிறதே என்று 28-க்கு இறக்கினால், காலையில் 25, 26தான் இருக்கும். இந்தத் தப்பை நானே சில மாதம் செய்திருக்கிறேன். மனைவியோடு வெளியூர் கிளம்பும் நாளில் பின்னால் 32 ஏற்றிக்கொள்வேன்.

அதே அளவில், 100/90-17, போட்ட இரண்டாவது பின் டயர் 25,000 கிலோமீட்டர் ஓடியது. மழையில் பயந்ததால் பின் பிரேக்கை மிதிப்பதையும் குறைத்துக்கொண்டேன், அதற்கும் இதில் பங்குண்டு. இந்த முறை தேய்மானம் பரவலாக வந்தது. பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும், அவை எங்கே என்று டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ (TWI, தேய்மானக் குறி) என்று குறித்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. இருசக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்க எனக்கு மனம் வராது.

41,000-இல் பின் டயரோடு முன் டயரையும் மாற்றினேன். அதில் பட்டன் மிச்சம் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். வேலை இடத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டி. டயரில் 4718 என்று இருந்தது, அதாவது 2018-இன் 47-வது வாரத்தில் செய்தது. கடையில் புது டயர் வாங்கும்போதும் இந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

இப்போதைய பின் டயர் 17,000 தாண்டியும் நன்றாக இருக்கிறது. போன மாதம் மட்டும் ஒரே வாரத்தில் 28-லிருந்து 21-க்கு இறங்கியது. சாதாரணமாக மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் குறையும். ஆணி ஏதும் தென்படவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் வால்வு வாயில் குமிழி வந்தது. வால்வு பின்னை மாற்றினோம், மூடியும் புதிதாகப் போட்டோம். நான்கு ஞாயிறாக 28-லேயே நிற்கிறது.