படப் புத்தகம் வாங்கும்போது கம்பிப் பின்னைப் பாருங்கள்

இரண்டு வயதுக் குழந்தைக்குப் புதிதாக என்ன படப் புத்தகம் வாங்கலாம் என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். கதை, ஓவியம் பற்றியெல்லாம் பிறகு பேசலாம். கடையில் புத்தகத்தை எடுத்தவுடன் நடுப்பக்கத்தைத் திறந்து, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் வீட்டுப் புத்தகங்களில் ஒரு கட்டு போன வாரம்தான் பைண்டிங் கடையிலிருந்து வந்தது. வாங்கியபோது அத்தனையும் ஒரே மாதிரி: மடிப்பில் இரண்டு கம்பிப் பின்கள், அவ்வளவுதான். நாகப்பட்டினத்துக் கடற்காற்றுக்குப் பின்கள் துருப்பிடித்து மடிப்பெல்லாம் கறை ஏறிவிட்டது. முதலில் கழன்று வருவது நடுத்தாள். பின்னின் கால்கள் மடங்கி அழுத்துவது அதன் மேல்தான் என்பதால், புரட்டப் புரட்ட அந்த இரண்டு துளைகளும் கிழிகின்றன. இரண்டு பக்கமும் நிறையும்படி ஓவியர் ஆசையாகத் தீட்டிய படம் பல புத்தகங்களில் அங்கேதான் இருக்கிறது. அடுத்து வெளித்தாள். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் இருப்பதால், அது போனால் கதையின் தொடக்கமும் முடிவும் சேர்ந்தே போய்விடுகின்றன. மகள் தொடாத புத்தகங்கள் குலையாமல் இருக்கின்றன. தலைமாட்டில் வைத்துத் தூங்கியவை மட்டும் சிதறின. குழந்தைக்காகச் செய்த பொருள், குழந்தை அதை விரும்பினால் தாங்காது என்றால் என்ன நியாயம்? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

விலை குறைய வேண்டும் என்பதற்காகத்தான் பின் அடிக்கிறார்கள். தைத்துக் கெட்டி அட்டை போட்டால் நிறையப் பேரால் வாங்க முடியாது, அது உண்மை. நூலால் தைக்கும் கை நம் ஊரில் இல்லாமல் இல்லை. சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து கையால் தைக்கும் புத்தகங்கள் உலகெங்கும் போகின்றன. ஆனால் அந்த விலையில் வாங்கி, சாதம் ஒட்டிய விரல்களிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

முதுகில் பசை ஒட்டிய புத்தகங்கள் அலமாரியில் நிமிர்ந்து நிற்கும், மடியில் விரியாது. அப்படி ஒன்றில் யானையின் வயிறு முழுவதும் மடிப்புக்குள் போய்விட்டது. மகள் அதை இரண்டு யானைகள் என்றே நினைத்திருந்தாள். கெட்டி அட்டைப் புத்தகங்களைக் கடித்தாலும் கிழியாது. ஆனால் தமிழில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பழம், காய், வண்டி என்று பெயர் சொல்பவை. கதை கிடைப்பது அரிது.

மறுபடியும் பின் அடித்தவற்றிடமே வருகிறேன். அவைதான் தரையில் வைத்தால் முழுசாக விரிகின்றன. ஒரு புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் சுவரோரமாக ஒரு பல்லி ஊர்ந்து போகிறது. கதையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுத்தை வாசித்துக்கொண்டிருந்த என் கண்ணில் அது படவே இல்லை. எழுத்துத் தெரியாத மகள்தான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அது பல்லியின் கதை. கடைசிப் பக்கத்தில் அது எங்கே போகிறது என்பதற்கு தினமும் புதிதாக ஒரு பதில் வைத்திருக்கிறாள். எழுத்துச் சொல்லாததைப் படம் சொல்லும் புத்தகத்தைத்தான் நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

வாங்குவதற்கு முன் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படித்துக் காட்டிப் பாருங்கள். குழந்தை எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதோ அந்த மாதிரிக் கதையைத் தாளில் வாங்குங்கள். போனின் சின்னத் திரையில் பல்லியெல்லாம் தெரியாது. தாத்தா தமிழிலும் பேத்தி ஆங்கிலத்திலும் படிக்கும் வீடு என்றால் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள் பொருந்தும்.

தோழிக்கு என் பதில் இதுதான்: பின் அடித்ததையே வாங்கு, விலை குறைவுதான், இரண்டாகவே வாங்கு. வீட்டுக்கு வந்த அன்றே பின்களைப் பிடுங்கிவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடு. முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கட்டும்.