ஆறாம் வகுப்புக்கு எந்தப் பக்கம்: கடலூரா, புதுச்சேரியா?

கடலூர்-புதுச்சேரி எல்லையில் முள்ளோடைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டுப் பக்கம் என் தங்கை வீடு. வடக்கே போனால் புதுச்சேரி அரசுப் பள்ளி, தெற்கே வந்தால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. இரண்டுக்கும் சைக்கிளிலேயே போகலாம். மகள் ஐந்தாவது முடித்துவிட்டாள். “அண்ணே, எந்தப் பக்கம் ரிசல்ட் ஜாஸ்தியோ அங்க போட்டுடறேன். நீ நம்பர மட்டும் சொல்லு” என்றாள்.

நம்பர் சொல்வது சுலபம். 2025-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் மாணவிகள் 95.88, மாணவர்கள் 91.74. ஒரே புத்தகம், ஒரே வினாத்தாள், ஆனாலும் நான்கு புள்ளி வித்தியாசம். கடலூரின் மீனவ ஊர்களான தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் இருப்பவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஒன்பதாவது படிக்கிற பையன் முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவோடு படகு ஏறுவான், இல்லையென்றால் பெயின்ட் வேலைக்கோ கேட்டரிங்குக்கோ போவான். அப்புறம் திங்கட்கிழமையும் பள்ளிக்கு வரமாட்டான். இதில் பாடத்திட்டத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

புதுச்சேரி நம்பரிலும் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது. புதுச்சேரிக்கென்று தனித் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்தையும், மாஹே பிள்ளைகள் கேரளப் பாடத்தையும், ஏனாம் பிள்ளைகள் ஆந்திரப் பாடத்தையும் படித்து வந்தார்கள். 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றாம் வகுப்பும் ஒரே வீச்சில் மத்திய வாரியமான சிபிஎஸ்இ-க்கு மாறின. 2025-இல் பத்தாவது எழுதிய முதல் அணிக்குப் புதிய பாடத்தில் இரண்டே வருடப் பழக்கம்தான். அதற்கு முன் ஆறாவது முதல் எட்டாவது வரை படித்தது தமிழ்நாட்டுப் புத்தகம்.

அவர்கள் பத்தாவது படித்த 2024-25 கல்வியாண்டில்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணை திறக்க, தென்பெண்ணை புதுச்சேரியின் பாகூர் பக்கமும் கடலூர் பக்கமும் சேர்ந்தே ஊருக்குள் புகுந்தது. தங்கை வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பையனின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒரு வாரம் காய்ந்தது. தாள்கள் அப்பளம் மாதிரி உப்பி ஒட்டிக்கொண்டன, முக்கோணவியல் பாடத்தைப் பிரிக்கவே முடியவில்லை. கடலூர்ப் பிள்ளைகளுக்குப் பரீட்சை மார்ச் 28-இல் தொடங்கியது. சிபிஎஸ்இ பரீட்சையோ பிப்ரவரி 15-லேயே தொடங்கிவிட்டது. வெள்ளம் ஒன்றுதான், ஆனால் மீண்டு எழக் கிடைத்த நாட்கள் ஒன்றல்ல. இந்த இரண்டு ரிசல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

சரி, பாடமாகவே பார்ப்போம். சிபிஎஸ்இ-யில் எனக்குப் பிடித்தவை நிறைய உண்டு. மனப்பாடத்தை நம்பாமல், படித்ததை வேறொரு சூழலில் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கேள்விகள் பாதிக்குப் பாதி வருகின்றன. பத்தாம் வகுப்புக் கணக்கில் பேசிக், ஸ்டாண்டர்ட் என்று இரண்டு நிலை வினாத்தாள் இருப்பது, கணக்கு என்றாலே காய்ச்சல் வரும் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். நீட் எழுதப் போகிறவர்களுக்கு, அந்தத் தேர்வுக்கு அடிப்படையான என்சிஇஆர்டி புத்தகமே கையில் இருப்பது நேரடி லாபம். தமிழ்நாட்டுப் புத்தகங்களும் நல்ல புத்தகங்கள்தான். ஆனால் பரீட்சை நெருங்கினால் பல வகுப்பறைகளில் பாடத்தின் முடிவில் இருக்கும் புக் பேக் கேள்விகளோடு படிப்பு சுருங்கிவிடுகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஆனால் அந்த நல்ல கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த தங்கை மகளிடம் ஆறாம் வகுப்பு ஆங்கில அறிவியல் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கம் முழுக்கத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். முடித்துவிட்டு, “மாமா, இது எதப் பத்தி?” என்று கேட்டாள். அதே விஷயத்தைத் தமிழில் கொடுத்தபோது, பாதியிலேயே நிறுத்தி, “அப்ப ராத்திரியில செடி என்ன செய்யும்?” என்றாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அம்மாவும், விடிந்தால் கொத்து வேலைக்குப் போகும் அப்பாவும் இருக்கிற வீட்டில், சாயங்காலம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? வீட்டில் அந்த வசதி இருந்தால் நானே புதுச்சேரிக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன்.

அடுத்தது, பலர் பிளஸ் டூ முடித்த பிறகு வந்து கேட்கிற விஷயம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என மாதம் 1000 ரூபாய். தமிழ்வழியிலேயே படித்து வந்தால் மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை. நடுவில் இரண்டு வருடம் எல்லை தாண்டிப் படித்துவிட்டுத் திரும்பினால் இவை கைநழுவும். புதுச்சேரியும் தன் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 10 சதவீதம் தருகிறது, ஆனால் அது புதுச்சேரிவாசிகளுக்கு. புதுச்சேரியின் கன்னியக்கோயில் முகவரியில் ரேஷன் கார்டு இருப்பவர் கடலூர்ப் பக்கம் பிள்ளையைச் சேர்ப்பதும், தங்கை போன்றவர்கள் பாகூர்ப் பக்கம் சேர்ப்பதும் ஒரே தவறு.

இங்கே தனியார் பள்ளியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நூறு சதவீதம் என்று பேனர் வைக்கும் சில பள்ளிகள் ஒன்பதாவதில் சுமாராகப் படிக்கும் பிள்ளையின் கையில் டிசி கொடுத்துவிடுகின்றன. அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது அரசுப் பள்ளி.

அதனால் தங்கையிடம் சொன்னேன்: “நீ கேட்க வேண்டிய நம்பர் வேறம்மா. ஆறாவதுல எத்தன பேர் சேர்ந்தாங்க, அவங்கள்ல எத்தன பேர் பத்தாவது பரீட்ச எழுதினாங்கன்னு கேளு.” இருவரும் கடலூர்ப் பக்கப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை பழைய பதிவேட்டை எடுத்து, விரல் வைத்து எண்ணினார். ஏழு பேர் குறைந்தார்கள். அந்த ஏழு பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள், யார் வேலைக்குப் போனது, யார் வெளியூர் போனது என்று ஒவ்வொரு பெயராக அவரால் சொல்ல முடிந்தது. தங்கை அங்கேயே விண்ணப்பம் வாங்கிக்கொண்டாள்.