ஆர் (R) நிரல்மொழியில் உலகப் படத்தை மெர்கேட்டருக்கு மாற்ற: டெர்ராவா, ஸ்டார்ஸா, ஜிடால்வார்ப்பா?

டெர்ராவும் (terra) ஸ்டார்ஸும் (stars) இத்தகைய படங்களைக் கையாளும் ஆர் தொகுப்புகள். ஜிடால்வார்ப் (gdalwarp), ஜிடால் என்ற நிரல் நூலகத்தோடு வரும் கட்டளை வரிக் கருவி. நாசாவின் 'புளூ மார்பிள்' என்ற பூமியின் செயற்கைக்கோள் படத்தின் 5400 × 2700 பதிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பாகைக்கு 15 பிக்சல், பூமத்திய ரேகையிலும் துருவத்திலும் ஒரே கணக்கு. இதை இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷனுக்கு (உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் ஒரு முறை) மாற்றினால் 60 பாகை அட்சத்தில் எல்லாம் இரண்டு மடங்கு விரியும். துருவமோ முடிவிலிக்கே போய்விடும். அதனால் முதலில் வடக்கிலும் தெற்கிலும் 85.05 பாகையில் வெட்டிவிடுங்கள். வெட்ட மறந்து ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

டெர்ராவில் வேலை சுலபம். ஜேபெக் படத்துக்குத் தன் இடம் தெரியாது. எல்லையையும் ஆயத்தொலைவு முறையையும் நாம்தான் சொல்ல வேண்டும். அப்புறம் 'புராஜெக்ட்' என்று ஒரே வரி. புதுப் பிக்சல் ஒவ்வொன்றும் பழைய படத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்து, சுற்றியுள்ள நான்கின் மதிப்பைக் கலந்து தரும். எண் மதிப்புகளுக்கு இந்த பைலீனியர்தான் அதன் இயல்பு. நிழற்படத்துக்கு அருமை.

நில வகைப் படத்துக்கு அதுவே வினை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'வேர்ல்ட்கவர்' படத்தில் 10 என்றால் மரங்கள், 50 என்றால் கட்டடங்கள். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் 30, அதாவது புல்வெளி! இல்லாத புல்வெளி முளைத்துவிடும், எச்சரிக்கைகூட வராது. இங்கே 'நியர்' (கலக்காமல் அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடு) என்று நாமே எழுதிவிட வேண்டும். வண்ண அட்டவணை வைத்த பிஎன்ஜி படத்திலும் இதே கதைதான். அதில் பிக்சலில் இருப்பது நிறமல்ல, நிறத்தின் வரிசை எண்.

ஜிடால்வார்ப்பின் இயல்பு நேர் எதிர்: சொல்லாவிட்டால் அருகிலுள்ள பிக்சலையே எடுக்கும். ஒரே படம் டெர்ராவில் வழவழப்பாகவும் இதில் பல்பல்லாகவும் வந்தால் பிழை தேடி அலையாதீர்கள், காரணம் இதுதான். கட்டளை வரி பழகியவர்களுக்கும் பெரிய கோப்புகளை வரிசையாக ஓட்டுபவர்களுக்கும் என் ஓட்டு இதற்கே.

ஸ்டார்ஸ் கொஞ்சம் வித்தியாசமானது. அதன் 'எஸ்டி டிரான்ஸ்ஃபார்ம்' மதிப்புகளைத் தொடாது, கட்டங்களின் இடத்தை மட்டும் நகர்த்தும். நேர்மையான வழி, ஆனால் கட்டங்கள் கோணலாகிவிடும். வரையும்போது ஒவ்வொன்றும் தனிப் பலகோணம், நம் படத்தில் ஏறக்குறைய 1.46 கோடி. கணினி மூச்சு வாங்கும். சீரான கட்டம் வேண்டுமென்றால் 'எஸ்டி வார்ப்' இருக்கிறது. அதிலும் பைலீனியர் வேண்டுமானால் ஜிடாலைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும்.

பழைய பாடங்களில் வரும் 'ராஸ்டர்', 'ஆர்ஜிடால்' தொகுப்பு ஜோடியை விட்டுவிடுங்கள். ஆர்ஜிடால் 2023 அக்டோபரில் ஆர் தொகுப்புகளின் களஞ்சியமான கிரானிலிருந்து (CRAN) விடைபெற்றுவிட்டது.

சரி, அன்றாட வேலைக்கு நான் எடுப்பது டெர்ரா. ஆனால் படத்தின் மேல் எல்லைக்கோடு போடுவது மட்டுமே நோக்கம் என்றால் படத்தைத் தொடவே மாட்டேன், கோடுகளைத்தான் படத்தின் புரொஜெக்‌ஷனுக்கு மாற்றுவேன். மெர்கேட்டருக்குப் போய்த் திரும்பிய படம் பழைய படமாக இருப்பதில்லை.