லைன் டாஷ்போர்டு: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் தையல் லைனில் ஓடும் டாஷ்போர்டு சாஃப்ட்வேருக்கு இந்த வருடம் ரினிவல் விலையை நன்றாகவே குறைத்துவிட்டார்கள். அதனால் தெரிந்த பனியன் கம்பெனிக்காரர்கள் வரிசையாகப் போன் போட்டு, "உங்க யூனிட்ல ஓடுதே, வாங்கலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். பெயரைச் சொல்லவில்லை. தையல் லைனில் செக்கர் கையில் டேப்லெட், சூப்பர்வைசர் தலைக்கு மேல் டிவி, மணிக்கு மணி புரொடக்‌ஷனும் டிஎச்யூவும் (நூறு பீஸுக்கு எத்தனை குறை என்ற எண்) காட்டும் அந்த வகை சாஃப்ட்வேர்தான். விலைப்பட்டியலும் வசதிப்பட்டியலும் உங்களிடமே இருக்கும்.

முதலில் நல்லது. இது வருவதற்கு முன்னால் எங்கள் காலை மீட்டிங்கில் யார் குரல் உயர்ந்ததோ அவர் சொன்னதுதான் முடிவு. டேமேஜ் வந்தால் டெய்லர்தான் காரணம், அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஒருமுறை சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் ஆர்டரில் பாட்டம் மடிக்கும் இடத்தில் ஊசி ஓட்டை விழ ஆரம்பித்தது. அந்த மடிப்பைத் தைக்கும் பேட்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் மாற்றியே ஆக வேண்டும் என்று சூப்பர்வைசர் நின்றார். டேப்லெட்டில் பண்டில் (வெட்டிய துணிக்கட்டு) நம்பர் வாரியாகத் திறந்து பார்த்தோம். ஓட்டை விழுந்த பீஸ் அத்தனையும் ஒரே டையிங் லாட், அதாவது ஒன்றாகச் சாயம் போட்ட துணி. அதே மிஷினில் அதே ஆட்கள் தைத்த மற்ற லாட்டுகள் சுத்தமாக இருந்தன.

போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தால் மொரமொரவென்று இருந்தது. துணியைச் சுருக்கி அழுத்தும் காம்பாக்டிங்கில் அதிகமாகக் காய்ந்திருக்கிறது, சாஃப்ட்னரும் போதவில்லை. அப்படிப்பட்ட துணியில் ஊசி இறங்கும்போது பின்னல் லூப் நகர்ந்து வழிவிடாது, நூலே அறுந்துபோகும். 11-ம் நம்பர் ஊசியைக் கழற்றி அதைவிட மெல்லிய, நுனி உருண்ட 9-ம் நம்பர் பால் பாயிண்ட் போட்டோம், பாக்கி ரோல்களை டையிங்குக்கே திருப்பி அனுப்பினோம். டெய்லர்கள் இரண்டு பேரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். இந்த ஒன்றுக்காகவே இந்த சாஃப்ட்வேரை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் புகழ்வேன். டேப்லெட் பழுதானால் உடனே மாற்றித் தருகிறார்கள், சப்போர்ட் பையன்களும் தங்கமானவர்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

இனி அந்த அம்பு.

முகப்புத் திரையில் ஒவ்வொரு லைனுக்கும் நேற்றைய டிஎச்யூ இருக்கும், பக்கத்தில் ஒரு அம்பு. முந்தைய நாளைவிடத் துளி கூடினாலும் சிவப்பு, குறைந்தால் பச்சை. முதலாளி காலையில் போனைத் திறந்ததும் பார்ப்பது இதைத்தான். 4.6 இருந்தது 5.3 ஆகிவிட்டது, ஏன்? யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் காரணம் என்று ஒன்று கிடையாது. ஆனால் மீட்டிங்கில் "தெரியவில்லை" என்று சொல்ல முடியுமா? ஒருவர் கரண்ட் போனதைச் சொல்வார், இன்னொருவர் புது ஆள் என்பார். அன்று ஒரு புதுச் சட்டம் பிறக்கும். மறுநாள் எண் தானாகவே இறங்கும், சட்டம் வேலை செய்தது என்று எல்லோரும் நம்புவார்கள்.

கணக்கு கஷ்டமே இல்லை. ஒரு லைனில் நாளைக்கு 800 பீஸ் செக் ஆகிறது, சராசரி டிஎச்யூ 5 என்று வையுங்கள். லைனில் எதுவுமே மாறாவிட்டாலும் தினசரி எண் சுமார் 2.6-க்கும் 7.4-க்கும் நடுவில் ஏறி இறங்கத்தான் செய்யும். அதைத் தாண்டினால்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், அல்லது பல நாள் தொடர்ந்து ஒரே பக்கமாக நின்றால். வால்டர் ஷூஹார்ட் என்பவர் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் இருந்தபோது, 1924 மே மாதம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்த கன்ட்ரோல் சார்ட் இதுதான். நூறு வருடம் தாண்டிவிட்டது. நடுவில் ஒரு கோடு, மேலே ஒன்று, கீழே ஒன்று. இதைப் போட ஏஐ வேண்டியதில்லை.

அவருடைய வழியில் வந்த தர நிபுணர் டெமிங், வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவார். 4,000 மணிகள் கொண்ட பெட்டி, அதில் 800 சிவப்பு. 50 குழி உள்ள கரண்டியால் ஆறு பேர் மாறி மாறி அள்ள வேண்டும். சிவப்பு குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, அதிகம் வந்தவருக்குத் திட்டு. அள்ளுகிறவர் கையில் எதுவுமே இல்லை, எல்லாம் பெட்டியில் இருக்கிறது. எங்கள் டிவியில் தினமும் ஓடுவது இந்த மணி விளையாட்டுத்தான். அந்த டெமிங் பெயரில் உள்ள விருதைச் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் 1998-லேயே வாங்கிவிட்டது. நம் ஊருக்கு எட்டாத சங்கதி ஒன்றும் இல்லை.

இதைவிட மோசமான விளைவு போகப் போகத்தான் தெரிந்தது. டிஎச்யூ மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தது, எல்லாம் பச்சை. ஆனால் பையர் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் கூடிக்கொண்டே போனது. ஒரு மதியம் செக்கிங் டேபிள் பக்கத்திலேயே நின்றேன். ஒரு அக்கா பீஸைத் திருப்பிப் பார்த்தார், விட்ட தையலில் விரலை வைத்தார், டேப்லெட்டைத் தொடாமல் டெய்லரிடமே நீட்டிவிட்டார். கேட்டதற்கு, "பதிஞ்சா அந்தப் புள்ளையத் திட்டுறாங்கங்ணா. அதான் கையோட பிரிச்சுத் தைக்கச் சொல்லிடறேன்" என்றார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் வரவில்லை. ஊசி ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே இந்தப் பதிவுகள்தான். அதைப் பதிய விடாமல் அடிப்பது அந்த அம்பு.

அம்பை எடுத்துவிடுங்கள், இல்லை அணைக்கவாவது ஒரு வசதி கொடுங்கள் என்று சப்போர்ட்டில் பல தடவை கேட்டாகிவிட்டது. "ஓனர்களுக்கு அதுதான் சார் பிடிக்குது" என்கிறார்கள். அதனால் தினமும் டேட்டாவை எக்ஸெலில் இறக்கி, நானே மூன்று கோடு போட்டு, பிரின்ட் எடுத்து லைன் முகப்பில் ஒட்டுகிறேன். சூப்பர்வைசர்கள் இப்போது அதைத்தான் பார்க்கிறார்கள். முதலாளி இன்னும் அம்பைத்தான் பார்க்கிறார்.

இப்போது கொடுக்கும் விலைக்கு இது மலிவு. பண்டில் வாரியாக இவ்வளவு துல்லியமாகத் தோண்டிப் பார்க்க விடும் வேறொன்றை நான் பார்த்ததில்லை, நாங்களும் ரினிவல் செய்யத்தான் போகிறோம். ஆனாலும் நீங்கள் வாங்காதீர்கள். போன மாதம் ஒரு அருமையான பேட்லாக் டெய்லர் இரண்டு நாள் சிவப்புக்காக எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினார், சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார். அந்த இரண்டு நாள் எண்ணும் கோட்டுக்குள்தான் இருந்தது. சார்ட்டை எடுத்துக்கொண்டு நான் மாடி ஏறுவதற்குள் அவர் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

டெமோவுக்கு வந்தால் அம்பை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் தாராளமாக வாங்குங்கள், என் லைனுக்கு வாருங்கள், பண்டில் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று நானே உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். காட்டாதவரை என் பதில் வேண்டாம் என்பதுதான்.