தேன்சிட்டுக்குச் சீனிப்பாணிப் போத்தல்: வாங்க முதல் இதைப் பாருங்கள்

இணையக் கடைகளில் விற்கிறார்களே, அடியில் சிவப்புப் பிளாஸ்ரிக் பூக்கள் வைத்து, தலைகீழாகத் தொங்கவிடுகிற போத்தல், அதைத்தான் சொல்கிறேன். பெட்டியில் ஹம்மிங்பேர்ட் படம் பெரிதாகப் போட்டிருக்கும். அந்தக் குருவி அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்குமே கிடையாது, ஆகவே மட்டக்களப்பில் எங்கள் கல்லடிப் பக்கம் அது வரும் என்று நினைத்து வாங்கினால் காசை வாவியில் போட்ட மாதிரித்தான். எங்கள் வளவுக்கு வருவது தேன்சிட்டு. அதற்கு இந்தப் போத்தல் சரிவருமா என்பதுதான் கேள்வி, என் பதில்: அரைகுறையாக.

ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். தேன்சிட்டும் கொஞ்ச நேரம் அப்படிச் சிறகடித்து நிற்கும்தான், ஆனால் அதற்குப் பிடித்தது எதையாவது பற்றிக்கொண்டு உட்கார்ந்து குடிப்பது. எனக்கு வந்த போத்தலில் காலை வைக்க ஒரு கம்பிகூட இல்லை. பூவுக்குக் கீழே மெல்லிய தடி ஒன்றைக் கட்டிய பிறகுதான் குருவி நிம்மதியாகக் குடித்தது.

அடுத்த குறை ஒழுகல். தலைகீழ்ப் போத்தலில் மேலே கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும், அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருப்பதால்தான் பாணி கீழே விழாமல் நிற்கிறது. வெயிலில் அந்தக் காற்று சூடாகி விரிந்தால் பாணியைத் துளை வழியே வெளியே தள்ளிவிடும். மட்டக்களப்பு வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அதிலும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் போத்தல் ஆடி ஆடி மிச்சத்தையும் கொட்டும், கீழே எறும்புக்குக் கொண்டாட்டம். நிழலில், காற்றுப் படாத பக்கமாகத் தொங்கவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும். விற்றவர்களிடம் கேட்டேன், "எல்லாம் அப்படித்தான்" என்று ஒரு வரிப் பதில், அதோடு சரி.

பாணி காய்ச்சுவதில் பெரிய வித்தை இல்லை. ஒரு கோப்பை வெள்ளைச் சீனிக்கு நாலு கோப்பை தண்ணீர், சீனி கரையும் வரை சூடாக்கி நன்றாக ஆறவிட்டு ஊற்ற வேண்டும், மிஞ்சியதைப் பிரிட்ஜில் வைத்தால் ஒரு கிழமை தாங்கும். சிவப்புச் சீனி, பனங்கட்டி வேண்டாம், அவற்றில் இருக்கிற இரும்புச்சத்து இந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது. தேனும் வேண்டாம், தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். சிவப்புச் சாயம் தேவையே இல்லை, பூவின் நிறமே போதும். பக்கத்து வீட்டு மாமி மட்டும் அடுப்பைப் பார்த்துவிட்டு, "என்ன மனே, சீனி விக்கிற விலைக்குக் குருவிக்குப் பாணி காய்ச்சுறியா?" என்றார். நியாயமான கேள்விதான்!

காய்ச்சுவது லேசு, கழுவுவதுதான் வேலை. எங்கள் சூட்டில் பாணி ஒரு நாளைத் தாண்டினால் கலங்கத் தொடங்கும், கலங்கினால் குருவி குடித்தாலும் சரி குடிக்காவிட்டாலும் சரி கொட்டிவிட வேண்டும். சுடுதண்ணீரும் கொஞ்சம் வினாகிரியும் போட்டுத் தேய்த்து, மணம் போகும் வரை அலச வேண்டும். இந்தப் போத்தலின் கழுத்து ஒடுக்கம், என் விரல் போகாது, பூக்களும் கழற்ற முடியாதபடி ஒட்டியிருக்கின்றன, அதற்குள்தான் கறுப்புப் பூஞ்சணம் முதலில் பிடிக்கிறது. எனக்கு இது ஒன்றே போதும், இன்னொரு தரம் இதே போத்தலை வாங்க மாட்டேன்.

வாங்குவதானால் மூடி முழுதாகக் கழன்று வருகிற தட்டு வகையைப் பாருங்கள். துளை மேலே இருப்பதால் ஒழுகாது, கழுவவும் சுகம், குருவி உட்கார விளிம்பும் இருக்கும். எறும்புக்கு, தொங்குகிற கம்பியின் நடுவில் தண்ணீர் நிற்கிற சின்னக் கிண்ணம் ஒன்றைக் கோர்த்துவிடுங்கள். கம்பியில் எண்ணெய் பூச வேண்டாம், குருவியின் இறகில் ஒட்டினால் அதற்குத்தான் கஷ்டம். மஞ்சள் நிறப் பாகங்கள் உள்ளதைத் தவிருங்கள், தேனீயும் குளவியும் அந்த நிறத்துக்கு வந்து மொய்க்கும்.

தினமும் கழுவ நேரமில்லாதவர்கள் எதையுமே வாங்காமல் ஒரு செவ்வரத்தைக் கொப்பை ஊன்றலாம். வளவில் வாழையோ முருங்கையோ பூத்தாலும் தேன்சிட்டு வரும். எப்படியும் அது பாணியை மட்டும் நம்பி இருக்கிற குருவி இல்லை, பூச்சியும் சிலந்தியும் பிடித்துத் தின்னும், குஞ்சுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான். போத்தலுக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு இரண்டு, அதில் ஒன்று நான் கட்டிய தடிக்கு.